டயரின் ஓரம்

“வளைவுக்குள்ள பிரேக் பிடிக்கப்படாது. முதலே வேகத்தைக் குறைச்சு, போற பக்கம் பார்த்து, வண்டியைச் சாய்க்க வேணும். விளங்குதே?”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி ஆரணிக்குக் கஜீவன் வகுப்பெடுத்தான்.

“ஓம்” என்றாள் அவள்.

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே வாங்கிய ஆயிரம் சிசி மோட்டார் சைக்கிள், வார நாட்களில் வெள்ளவத்தை பிளாட்டின் கீழே தூங்கும். கீறல் விழுந்துவிடுமென்று கஜீவன் ஐயா வேலைக்கு பஸ்ஸில்தான் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கல்கிசை வரை ஓர் ஊர்வலம். அங்கே போகும் காலி வீதியோ அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேர்.

அன்று வண்டியை சேர்விஸுக்குக் கொண்டுபோனான். மெக்கானிக் தங்கராஜ் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றார்.

“சார், ரெண்டு ஓரமும் விளிம்பு வரைக்கும் தேஞ்சிருக்கு! வளைவுல படுத்து ஓட்டினாத்தான் இப்படித் தேயும். நீங்க பெரிய ஆளு சார்!”

தான் ஒருநாளும் அப்படிச் சாய்த்ததில்லை என்பது கஜீவனுக்குத் தெரியும்.

“எல்லாம் பழக்கம்தான்” என்றான் அடக்கமாக.

வீட்டுக்கு வந்ததும் குழப்பத்தோடு வாயைத் திறந்தான். ஆரணி முந்திக்கொண்டாள்.

“டயர் மாத்தச் சொன்னனீங்களோ? அவிசாவளை தாண்டி வாற மலை வளைவுகளில நான் சாய்க்கேக்க பின்சில்லு வழுக்குது.”