அழுமூஞ்சி கியர்பாக்ஸ்

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு, சத்தியம்! ஆனால் இப்போதே இல்லை, கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு பழைய காருக்கு வேறொரு காரின் கியர்பாக்ஸை மாட்டினார்கள். அன்றிலிருந்து ஓடும்போதெல்லாம் "ஙொய்ய்ய்" என்று ஓர் அழுகை.

"புதுசா வந்தவன் சரியான அழுமூஞ்சிண்ணே," என்று என்ஜினிடம் கோள் சொன்னது பின் அச்சிலிருந்த டிஃபரன்ஷியல்.

"நாளைக்கு நான் மக்கர் பண்றேன். மெக்கானிக் இவனைக் கழற்றிக் காயலான் கடையில போட்டுத்தான் ஆகணும்!" என்று உறுமியது என்ஜின்.

கியர்பாக்ஸ் அசரவில்லை. "போடட்டும்ணே. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. இந்த இறக்கத்துல நான் நியூட்ரல்ல சும்மா கிடக்கேன். நீங்களும் கொஞ்சம் பேசாம வாங்க."

ஓடும் காரில் என்ஜின் வாயை மூடியதே கிடையாது. முனகிக்கொண்டே அணைந்தது. கார் தானாக உருண்டது.

"ஙொய்ய்ய்ய்ய்!"

"பாத்தீங்களாண்ணே, மறுபடியும் அழறான்! ஙொய்ய்ய்!" என்றது டிஃபரன்ஷியல்.

முதல்முறையாக என்ஜினுக்குக் காது நன்றாகக் கேட்டது. சத்தம் பக்கத்திலிருந்த கியர்பாக்ஸிலிருந்து வரவில்லை, பின்னாலிருந்து வந்தது.

"அடப்பாவி! பழைய கியர்பாக்ஸ் போட்ட கடகடா சத்தத்துல இத்தனை வருஷமா ஒளிஞ்சுக்கிட்டு அழுதது நீதானாடா?"