மறுபக்கத்துப் பிடி

உயரத்தில், இரும்புத் தூணின் இந்தப் பக்கம் ஒருவர் நட்டை முறுக்கும்போது, மறுபக்கம் இன்னொருவர் போல்ட்டின் தலையைப் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, தூண் மறைக்கும்.

லூர்து முறுக்கினான். போல்ட் சுற்றவில்லை, நட்டு நன்றாக இறுகியது.

"அடுத்ததைப் பிடி, கதிரேசா."

மறுபக்கத்தில் ஸ்பானர் அடுத்த தலையில் ணங்கென்று உட்கார்ந்தது.

கீழே தரையிலிருந்து கதிரேசன் கத்தினான்: "அண்ணே, இருங்க! இப்பதான் ஏறப்போறேன்."

லூர்து எட்டிப் பார்க்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கத்திலிருந்துதான் அவன் கூட்டாளி சூசை பாதுகாப்பு பெல்ட் போடாமல் விழுந்து செத்தான். அடுத்த நட்டில் ஸ்பானரை மாட்டினான். இரும்பில் வாயை ஒட்டி மெதுவாகக் கேட்டான்:

"சூசை, இன்னைக்காவது பெல்ட் போட்டிருக்கியாடா?"