நாற்பத்து மூன்று பேரை அழவைத்த ஓவியம்

கலையின் பயன் மனிதரை உருக்குவதே என்று சட்டம் வந்த பிறகு, எல்லா ஓவியங்களின் மரச்சட்டங்களிலும் எதிரே அழுகிறவர்களை எண்ணும் கருவி பொருத்தப்பட்டது. மூன்று ஆண்டுகளில் ஒருவரையாவது அழவைக்காத ஓவியத்தை எரித்துவிடுவார்கள். தங்கபுஷ்பம் வீட்டுக் கூடத்தில் ஓவியர் இளங்குமணன் வரைந்த மூன்று நீலக் கட்டங்கள் தொங்கின. இரண்டு ஆண்டு பத்து மாதம் ஆகியும் எண்ணிக்கை பூஜ்யம்தான்.

அப்போதுதான் அவள் கணவர் செல்லத்துரை மாரடைப்பில் இறந்தார். உடலைக் கூடத்தில் கிடத்தினார்கள். சாமி படங்களைத் துணியால் மூடியவர்கள் நீலக் கட்டங்களை மறந்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இளங்குமணன் தோளில் பொன்னாடையோடு வந்தார். மாநில விருதாம். மரணத்தின் வெறுமையை நீலத்தில் கண்டதாக நடுவர்கள் எழுதியிருந்தார்களாம்.

"நாப்பத்து மூணு பேரும்மா! ஒருத்தங்க மயங்கியே விழுந்துட்டாங்களாமே!"

"அது எங்க மாமியார். பெத்த மகனைப் பறிகொடுத்தவங்க."

இளங்குமணன் தலையை ஆட்டிக்கொண்டே பையிலிருந்து புதிய ஓவியம் ஒன்றை எடுத்தார். நான்கு மஞ்சள் கட்டங்கள். ஆணி அடிக்கச் சுவரில் இடம் தேடியபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாமியாருக்கு இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?"