முந்திப் பறிக்கிறவன்

“சனியன்! திரும்பவும் பறிச்சுப்போட்டான்!”

மரியதாசன் போட்ட சத்தத்தில் ஊர்காவற்றுறைத் துறையில் நின்ற காகம் எல்லாம் எழும்பிப் பறந்தன. வெறுங் கடகத்தை இடுப்பில் வைத்தபடி வந்த மீன்காரி அன்ரனிட்டா திகைத்துப்போனாள்.

“ஆர் அண்ணை? என்னத்தைப் பறிச்சவன்?”

“கொம்பனிப் பங்கு, பிள்ளை, பங்கு! போனிலை காலமை வாங்கி மத்தியானம் விக்கிற வியாபாரம்.”

துறையிலேயே பெரிய மீன் வியாபாரி அவர். இந்தப் பங்கு விளையாட்டு மனுசனுக்கு எப்போது தொத்தினதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஐஸ் பெட்டிக்குமேல் போனை நிமிர்த்தி வைத்திருந்தார். மீன் கையால் அதைக் காதில் வைக்க ஏலாதென்று, ஆர் எடுத்தாலும் ஸ்பீக்கரில்தான் கதைப்பார்.

அன்ரனிட்டா எட்டிப் பார்த்தாள். பச்சையும் சிவப்புமாய் இலக்கங்கள் துள்ளின. ஒரு மண்ணும் விளங்கவில்லை.

“நான் வாங்கப்போறன் எண்டு அமத்தினால், அது போய்ச் சேரமுந்தி ஒரு கொம்பியூட்டர் அறிஞ்சுபோடுது. எனக்கு முந்தி அள்ளிப்போட்டு, பிறகு எனக்கே விலை கூட்டி விக்குது!”

“கொம்பியூட்டருக்கு ஏன் அண்ணை பங்கு? அதுக்கென்ன பிள்ளைகுட்டியே?”

“அட, அதுக்குப் பின்னாலை ஒரு பெரிய காசுக்காரன் இருப்பான். எல்லாருக்கும் ஒரே நேரத்திலை தெரியவேண்டிய விசயம் அவனுக்கு மட்டும் முந்தித் தெரிஞ்சால், அது வியாபாரமே? பச்சைக் களவு!”

“களவுதான் அண்ணை.”

பாவம், மனுசனுக்குக் கண்கூடக் கலங்கிப்போச்சு. அவளுக்கு மனம் பொறுக்கவில்லை.

“அதுசரி, நீர் ஏன் வெறுங் கடகத்தோடை நிக்கிறீர்? ஏலத்துக்குப் போகேல்லையே?”

“போய் என்ன அண்ணை? ஒரு கிழமையா இதே கூத்துத்தான். போட் கரைக்கு வரமுந்தி நல்ல மீன் எல்லாம் ஆருக்கோ போயிடுதாம். ஆரெண்டு கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கிறாங்கள் இல்லை. ஏலத்துக்கு வாறது ஒண்டுக்கும் உதவாத காரல்பொடிதான். சுருவில் ஊரிலை என்னட்டை வாங்கிற வீடுகள் இனி வேறை ஆளைப் பிடிச்சிடும். பிறகு நான் என்ரை பிள்ளையளுக்கு என்னத்தை அவிச்சுக் குடுக்கிறது?”

மரியதாசன் குனிந்து ஐஸ் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார்.

“அண்ணை, அந்தக் கொம்பியூட்டர் எங்கடை துறைக்கும் வந்திட்டுதோ?”

“சீச்சீ... இஞ்சை என்ன கொம்பியூட்டர்...”

“என்ன இழவோ, எனக்கு விளங்கேல்லை. பின்னேரம் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துறன். உங்களிட்டைப் பறிச்சுத் தின்னுறவனும் என்னட்டைப் பறிச்சுத் தின்னுறவனும் நாசமாப் போகோணும்!”

“ஐயோ, அப்பிடியெல்லாம் திட்டாதையும் பிள்ளை...” என்று அவர் தொடங்க, போன் அலறியது. பழக்கதோசம், விரல் தன்பாட்டில் போய் ஸ்பீக்கரைத் தட்டியது. கடலுக்குள் நின்ற போட்டிலிருந்து குருசுமுத்துவின் குரல் துறை முழுக்கக் கேட்டது.

“அண்ணை, இண்டைக்கு விளைமீன் அள்ளுகொள்ளையாப் பட்டிருக்கு! கரையிலை இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வழமைபோல உங்களுக்குத்தானே?”