கணக்கப்பிள்ளையின் புரத ஊசி

“தொண்ணூறு!”

நிறுக்கிற வீரய்யா கத்தியதும், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்துக் கொட்டகையான மடுவமே கைதட்டியது. தராசில் நின்றது கொழுந்து மூட்டையல்ல, கணக்கப்பிள்ளை கஜேந்திரன்.

“ரெண்டு வாரத்துக்கு முந்தி அட்டன் டாக்டர்கிட்ட நிறுத்தப்ப நூறு கிலோ. பத்துக் கிலோ போயே போச்சு!” அவர் பெருமையோடு இறங்கினார். “எல்லாம் கொழும்பு ஊசி. ஒடம்புல சுரக்குற புரதம் மாதிரியே செஞ்சது. பசியும் அடங்கும், ரத்தத்துல ஏறுன சீனியும் எறங்கும்.”

சட்டையின் நடுப் பொத்தான் மட்டும் இந்தச் செய்தியை நம்பவில்லை. இன்னும் பூட்ட வராமல் அடம்பிடித்தது.

அடுத்து, கொழுந்து பறிக்கும் மீனம்மாவின் மூட்டை ஏறியது. பதினாறரை.

“அரைப்பேரு,” என்றார் கஜேந்திரன், துளி இரக்கமில்லாமல். பதினெட்டுக் கிலோ வராவிட்டால் அரைநாள் சம்பளம்தான். மீனம்மாவுக்கு இந்த வாரத்தில் இது நாலாவது.

“ஐயா, பதினெட்டுக்குக் கொறையாதுங்க. ரெண்டு வாரமா, இந்தப் புதுத் தராசு வந்ததுலருந்துதான் இப்படி. புள்ளைங்களுக்கு என்னத்தங்க ஆக்கிப் போடுவேன்?” என்றாள் மீனம்மா.

கஜேந்திரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தராசு பொய்யின்னா நான் மெலிஞ்சதும் பொய்யா? ஊசி போட்டுவிட்ட என் சம்சாரத்தையே கேட்டுருவோம். ஊசியால கொறையலைன்னு அவ சொல்லட்டும், ஒனக்கு முழுப்பேரு போடுறேன்!”

அங்கேயே மனைவி நாகலெட்சுமிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

“நாகு, அந்த ஊசி எப்படி வேல செய்யுதுன்னு இவங்களுக்குச் சொல்லு.”

போனில் நாகலெட்சுமியின் குரல் இறங்கி வந்தது.

“கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வாட்டியும் ஊசியப் பாத்ததும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு அலறுனீங்களா, எனக்குப் பாவமாப் போச்சு. வயித்துல ஒரு கிள்ளு கிள்ளிட்டு, போட்டாச்சுன்னு சொல்லிட்டேன். ஊசி ரெண்டும் பிரிட்ஜிலதான் கெடக்கு.”

எல்லாருடைய பார்வையும் கஜேந்திரனை விட்டு மெல்லத் தராசுக்கு நகர்ந்தது.

மீனம்மா பேர் போடுகிற புத்தகத்தை எடுத்து, அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

“ரெண்டு வாரத்துக்கும், எங்க எல்லாருக்கும் முழுப்பேரு போடுங்கய்யா.”