இரும்பை வழியனுப்பியவன்

அண்ணாந்து பார்த்தான். தெருவே அண்ணாந்து பார்த்தது.

பினாங்கு வானத்தில் வெள்ளி வெள்ளியாய் விமானங்கள். கொக்குக் கூட்டம் மாதிரி வரிசை குலையாமல் வந்தன.

"நம்ம வெள்ளைக்காரன் பிளேனுதான்டா" என்றான் மாயாண்டி. துறைமுகத்தில் அவனோடு சேர்ந்து சுமை தூக்குகிறவன். "ஜப்பான்காரனுக்கு ஏது இம்புட்டு?"

கடைக்காரர்கள் கடையைப் போட்டது போட்டபடி இறங்கி வந்தார்கள். எதிர்ச்சாரியில், ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி பொன்னுருவி ஓடிவந்தாள். போன வருசம்தான் ஊரிலிருந்து வந்துசேர்ந்த அவன் பெண்டாட்டி. விமானத்தைப் பார்ப்பது இதுதான் முதல்தரம்.

அவனைப் பார்த்துச் சிரித்தாள். மேலே கைகாட்டினாள்.

அவனும் கையை ஆட்டினான். நல்லாப் பாரு என்று.

இதே சிரிப்பைத்தான் அன்றைக்கும் சிரித்தாள், கப்பல்துறைக்குச் சோறு கொண்டுவந்த நாளில். ஜப்பான் கப்பலில் பழைய இரும்பு ஏறிக்கொண்டிருந்தது. உடைந்த தண்டவாளம், ஓட்டைக் கொதிகலன், துருப்பிடித்த சங்கிலி. குண்டாகிச் சீனாவில் எங்கள் சனத்தைக் கொல்லப் போகிற இரும்பு, தொடமாட்டோம் என்று சீனக் கூலிகள் விலகிக்கொண்டார்கள்.

இவர்கள் தொட்டார்கள்.

கடைசிச் சுமை ஏறியதும் கப்பலின் விலாவில் ஒரு தட்டுத் தட்டி, "போயிட்டு வா" என்றான் அவன். எந்தக் கப்பலுக்கும் அப்படித்தான். வெறுமனே போ என்று சொல்ல வாய் வராது.

"இரும்புக்குமா சொல்லுவீங்க? அது திரும்பி வந்து என்ன செய்யப்போவுதாம்?"

சிரித்துக்கொண்டே கேட்டாள் பொன்னுருவி.

பிறகு வெள்ளைக்காரன் ஜப்பானுக்கு இரும்பை நிறுத்தினான். எண்ணெயையும் நிறுத்தினான். ஜப்பான் கப்பல் வருவது நின்றது. பட்டினி போட்டால் அடங்கிவிடுவான் என்றார் மேஸ்திரி. பட்டினி கிடந்து பார்த்த இவர்களும் அதை நம்பினார்கள்.

விமானங்கள் தாழ்ந்தன.

தெரு இன்னும் கைகாட்டிக்கொண்டிருந்தது.

புகை விலகியபோது எதிர்ச்சாரி இல்லை.

பொன்னுருவி கிடந்தாள். பக்கத்தில் கையகலத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. மாயாண்டி அதை எடுத்தான். சுட்டது. கீழே போட்டுவிட்டான். அதற்கப்புறம் அவன் முகத்தை மாயாண்டி பார்க்கவில்லை.

சாயங்காலம் பிணம் ஏற்ற லாரி வந்தது. பேர் கேட்கவில்லை. சாதி கேட்கவில்லை. தூக்க ஆள் போதவில்லை.

அவளைத் தானே ஏற்றினான். மற்றவர்களையும் ஏற்றினான். பழகிய தோள்.

கடைசி உடலும் ஏறியது.

அவன் கை தன்னால் உயர்ந்து லாரியின் விலாவில் ஒரு தட்டுத் தட்டியது.

வாய் திறந்தது.

மாயாண்டி ஓடிவந்து அந்த வாயைப் பொத்தினான்.