முதலாவதா, இரண்டாவதா?

கண்ணாடிக் கடைக்காரரை நான் நம்புவதில்லை. என் மனைவி தவமலர்தான் நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத் பகுதியிலுள்ள கடைக்கு இழுத்துப் போனாள். சோதிக்கும் அறைக்குள்ளும் வந்து பக்கத்தில் இருந்தாள்.

கண் சோதித்த தமிழ்நாட்டுப் பிள்ளை வில்லைகளை மாற்றி மாற்றி வைத்தது.

"முதலாவது நல்லா இருக்கா, ரெண்டாவதா?"

முதலாவதில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. தவமலர் தொண்டையைச் செருமினாள்.

"ரெண்டாவது," என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க ஐயா."

"எத்தனைதரம் கேட்டாலும் ரெண்டாவதுதான் பிள்ளை!"

தவமலர் சிரித்தபடி என் கையைப் பிடித்தாள்.

புதுக் கண்ணாடியோடு வாசற்படியில் தடுக்கி விழுந்தேன். மகன் சுதாகரன் தூக்கிவிட்டான். கடையில் நடந்ததைச் சொன்னதும் ஏசினான்.

"முதலாவதுதான் தெளிவெண்டால் சொல்லியிருக்கலாமே அப்பா?"

"செத்துப்போன, உன்னைப் பெத்த கொம்மாவின்ர படத்தை நான் துடைச்சாலே தவமலர் சோறு போடமாட்டாள். அவளுக்கு முன்னால, முதலாவதுதான் நல்லமெண்டு சொல்ல ஏலுமோடா?"